முதலாளிகளும் அரசியலும்: ஒதுங்குவதா, பணம் கொடுப்பதா, பேசுவதா, இறங்குவதா?

தொழிலதிபர்கள் அரசியலில் தலையிடலாமா என்று கேட்டால் ‘கூடாது’ என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் நான்கு காரியங்கள் இருக்கின்றன: ஒதுங்கி இருப்பது, கட்சிக்குப் பணம் கொடுப்பது, நிறுவனத்தின் பெயரில் வெளிப்படையாகப் பேசுவது, முதலாளியே பதவிக்கு வருவது. இவற்றை எடைபோட நான் கேட்பது இரண்டே கேள்விதான். யாருடைய பணம்? யாருக்குத் தெரிந்து?

ஒதுங்கி இருப்பவர்கள் பக்கம் வலுவான வாதம் ஒன்று உண்டு. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் சொன்னது அது: மேலாளர் கையில் இருப்பது பங்குதாரர்களின் பணம், அதை வைத்து அவர் தன் சமூகக் கொள்கைகளை நிறைவேற்றக் கூடாது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிக்கு இதை மறுப்பது கடினம். சிக்கல் எங்கே என்றால், ஒதுங்குவது நம் கையில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2018இல், ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, டெல்டா விமான நிறுவனம் துப்பாக்கி உரிமைச் சங்கத்தினருக்குத் தந்த கட்டணச் சலுகையை நிறுத்தியது. இந்தச் சண்டையிலிருந்து விலகி நிற்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. அந்தச் சலுகையில் விற்றிருந்தவை மொத்தம் 13 டிக்கெட்டுகள். டெல்டாவின் தலைமையகம் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டமன்றமோ, தரவிருந்த சுமார் 4 கோடி டாலர் மதிப்புள்ள விமான எரிபொருள் வரிச்சலுகையை மசோதாவிலிருந்தே நீக்கிவிட்டது. நடுநிலைக்கும் விலை இருக்கிறது.

அடுத்தது பணம் கொடுப்பது. ‘நமக்கு எதுக்கு அரசியல்’ என்று சொல்லும் பெரிய நிறுவனங்கள் பலவும் உண்மையில் இருப்பது இங்கேதான். சத்தம் கிடையாது, வாடிக்கையாளருக்குத் தெரியாது, தேவைப்பட்டால் இரண்டு தரப்புக்கும் கொடுத்து வைக்கலாம். கம்பெனிக்கு இதைவிட வசதியான வழி இல்லை; மற்ற எல்லோருக்கும் இதைவிட மோசமான வழியும் இல்லை.

இந்தியாவில் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5% வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்கும் தெரியாது, பங்குதாரருக்கும் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையும் வரம்பு நீக்கத்தையும் சேர்த்தே ரத்து செய்தது. என் இரண்டு கேள்விகளிலும் தோற்கும் ஏற்பாடு அது: பணமும் தன்னுடையது இல்லை, கொடுப்பதும் யாருக்கும் தெரிந்து இல்லை.

இதன் கோர முகத்தை 1933 பிப்ரவரி 20 அன்று பெர்லினில் பார்க்கலாம். சுமார் இருபத்தைந்து ஜெர்மன் தொழிலதிபர்களை நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் தன் இல்லத்துக்கு அழைத்தார், ஹிட்லர் பேசினார், தேர்தல் நிதியாக 30 லட்சம் மார்க் கேட்கப்பட்டது. இன்னும் பத்து வருடத்துக்காவது இதுதான் கடைசித் தேர்தல் என்று அங்கேயே சொல்லப்பட்டது. அதைக் கேட்ட பிறகும் நிதி சேர்ந்தது.

1985 செப்டம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலோ அமெரிக்கன் சுரங்க நிறுவனத் தலைவர் கேவின் ரெல்லியின் தலைமையில் தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர்கள் சிலர் ஜாம்பியாவுக்குப் போய், நிறவெறி ஆட்சியை எதிர்த்ததால் தங்கள் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் டாம்போவைச் சந்தித்தார்கள். அதிபர் போத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. சுயநலம் இல்லாமலா போனார்கள்? நிறவெறி ஆட்சி தங்கள் தொழிலையும் சேர்த்து மூழ்கடிக்கும் என்ற பயம் நிச்சயம் இருந்தது. இருக்கட்டுமே. இங்கும் போனவர்கள் முதலாளிகள்தான். ஆனால் ஊரறியப் போனார்கள், ஆள்பவர் விருப்பத்துக்கு எதிராகப் போனார்கள். வெளிப்படையாகப் பேசுவதை நான் மற்ற மூன்றுக்கும் மேலே வைப்பது இதனால்தான். பிடிக்காதவர் எதிர்த்துப் பேசலாம், வாங்காமல் இருக்கலாம். ஒன்று மட்டும்: தன் தொழிலும் தன் ஆட்களும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்க வேண்டும். எல்லாச் செய்திக்கும் அறிக்கை விடும் கம்பெனியை யாரும் மதிப்பதில்லை, அது வெறும் விளம்பரம்.

முதலாளியே பதவிக்கு வருவதில், ஆளைவிட அவர் எதைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார் என்பதே முக்கியம். நிதித் தகவல் நிறுவன அதிபர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2002 முதல் 2013 வரை ஆண்டுக்கு 1 டாலர் சம்பளத்தில் நியூயார்க் மேயராக இருந்தார். கம்பெனியை விற்கவில்லை, ஆனால் அதன் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகியிருந்தார். இத்தாலியில் பெர்லுஸ்கோனி பிரதமராகவும் மிகப் பெரிய தனியார் தொலைக்காட்சிகளின் உரிமையாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். பொய்க் கணக்குக் குற்றத்தின் தண்டனையைத் தளர்த்தும் சட்டத்தை 2002இல் அவர் அரசு கொண்டுவந்தபோது, அவர் மீதே அத்தகைய வழக்குகள் நடந்துகொண்டிருந்தன.

அப்புறம் ஈலான் மஸ்க். 2024 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப்பின் வெற்றிக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். தன் பணம், எல்லோருக்கும் தெரிந்து. ஆக, இரண்டு கேள்விகளிலும் தேறிவிடுகிறார்! ஆனால் 2025 முதல் காலாண்டில் டெஸ்லாவின் கார் விநியோகம் முந்தைய ஆண்டைவிட 13% குறைந்தது. மாடல் ஒய் உற்பத்தியை மாற்றியமைத்ததும் ஒரு காரணம்தான். மஸ்க்கின் அரசியலை எதிர்த்து ஷோரூம்களுக்கு முன்னால் நடந்த போராட்டங்களுக்கு அது காரணம் இல்லை. அந்த ஷோரூமில் வேலை பார்ப்பவரிடமும், டெஸ்லா பங்கை வைத்திருப்பவரிடமும், அவர் மேடை ஏறும் முன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘யாருடைய இழப்பு?’ என்ற மூன்றாவது கேள்வியும் என் பட்டியலில் வேண்டும் போலிருக்கிறது.