ரெட்டினாய்டு க்ரீமோடு சில வருடங்கள்: அடாபலீன், ட்ரெட்டினாயின், மறுபடி அடாபலீன்

முகப்பருவுக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த மருந்துக் குடும்பம்) போட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. முதலில் அடாபலீன் 0.1% ஜெல். நடுவில் கொஞ்ச காலம் ட்ரெட்டினாயின் 0.025% க்ரீம். இப்போது திரும்பவும் அடாபலீன். இரண்டுமே தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்துப் போட்டவை. பலன் இருந்ததா என்று கேட்டால், நன்றாகவே இருந்தது. ஆனால் ரொம்ப மெதுவாக. என்னைப் பார்த்து வாங்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் பலன் தெரிய ஆரம்பிக்கும் முன்பே ட்யூபை அலமாரி மூலையில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த க்ரீம் எதன் மேல் வேலை செய்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. "ராத்திரி பரு மேல் தடவு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

உண்மையில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் பருவுக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. இனி வரப்போகும் பருவைத்தான் இது தடுக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சிவந்த பரு ஒன்று கண்ணாடியில் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் அதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வரும் 'செபம்' என்ற எண்ணெயும் அதில் சேர, துளை அடைபடுகிறது. கண்ணுக்கே தெரியாத அந்த அடைப்புக்கு மைக்ரோகோமிடோன் என்று பெயர். அது வாய் திறந்து கறுத்தால் கரும்புள்ளி. மூடியே இருந்தால் தோல் நிறத்திலோ வெள்ளையாகவோ சின்னப் பொரி. உள்ளே பாக்டீரியா பெருகி அழற்சி வந்தால் சிவந்த பரு, சீழ்ப்பரு. (கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. மெலனினும் காற்றுப் பட்டு மாறிய கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.) ரெட்டினாய்டு செல்லுக்குள் போய் ரெட்டினாயிக் அமில ஏற்பிகளோடு இணைந்து, அந்தச் செல்கள் முதிர்ந்து உதிரும் விதத்தையே மாற்றுகிறது. ஒட்டிக்கொள்வது குறைவதால் அடைப்பும் குறைகிறது. கூடவே அழற்சியையும் ஓரளவு அடக்குகிறது.

அதனால்தான் பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் பிரயோஜனம் இல்லை. பரு வழக்கமாக வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும், இன்று அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும். அதனால்தான் 8 முதல் 12 வாரம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் முகம் தெளிந்த பிறகும் நிறுத்தக் கூடாது என்கிறார்கள்.

முதல் சில வாரங்களை அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. தோல் இறுகும், செதில் செதிலாக உரியும், முகம் கழுவும்போது எரியும். ஏற்கெனவே உள்ளே கிடந்த அடைப்புகள் சிலருக்கு வேகமாக மேலே வந்து, பரு கூடிவிட்டது போலத் தெரியும். இதைத்தான் 'பர்ஜிங்' என்கிறார்கள். எனக்கு அது நெற்றியில் வந்தது. வழக்கமாகப் பரு வரும் இடத்தில் வந்து சில வாரங்களில் அடங்கினால் கவலைப்பட வேண்டாம். இதுவரை பருவே வராத இடத்தில் அரிப்போடு தடிப்பு வந்தாலோ, கண் இமை வீங்கினாலோ அதற்குப் பர்ஜிங் என்று பெயர் வைத்துக்கொண்டு பொறுத்துப் போகக் கூடாது. க்ரீமை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது" என்று ஒரு நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது. இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எரிச்சலும் உரிதலும் பக்கவிளைவுகள். பலனை அளக்கும் கோல் அல்ல. துளி எரிச்சல் இல்லாமல் முகம் தெளிந்தவர்களும் உண்டு, உரிந்து உரிந்து சிவந்தும் பரு குறையாதவர்களும் உண்டு. மாநிறமோ கறுப்போ உள்ள தோலுக்கு இது இன்னும் முக்கியம். நம் தோலில் எந்த அழற்சி வந்தாலும் போகும்போது ஒரு கரும் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அந்த அழற்சி பருவால் வந்ததா, க்ரீமை அள்ளிப் பூசியதால் வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை. பருவைப் போக்கப் போய் வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அளவு. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான். முதல் தடவை பார்க்கும்போது 'இது கன்னத்துக்கே போதாதே' என்று தோன்றும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து இழுத்துவிட்டால் போதும். கூடுதலாகப் போட்டால் எரிச்சல்தான் கூடும். மூக்கின் ஓரம், வாயின் ஓரம், கண்ணைச் சுற்றி ஆகிய இடங்களில் க்ரீம் தானாகத் தேங்கும், அங்கேதான் முதலில் உரியும். அந்த ஓரங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிவிடுவது நான் கற்றுக்கொண்ட உபாயங்களில் உருப்படியான ஒன்று.

முகம் கழுவித் துடைத்த உடனே தடவ வேண்டாம். ஈரத் தோலில் எரிச்சல் கூடுதலாகத் தெரியும். நன்றாகக் காயவிட்டுத் தடவினால் நல்லது. ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்காவிட்டால் இரண்டு நாள் இடைவெளி. தோல் பழகியபின் தினமும். பழகுவதற்கு ஓரிரு மாதம் பிடிக்கலாம். மாய்ஸ்ச்சரைசரை முதலில் ஒரு பூச்சு, மேலே ரெட்டினாய்டு, அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்ச்சரைசர் என்று போடும் 'சாண்ட்விச்' முறையையும் செய்து பார்த்தேன். மருந்தின் வீச்சு கொஞ்சம் குறையலாம். ஆனால் தொடர்ந்து போட முடிகிறதே, அதுதான் முக்கியம். விட்டுவிட்டு ஓடுவதைவிட வீச்சு குறைந்தாலும் நிலைத்து நிற்பது மேல்.

மாய்ஸ்ச்சரைசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளிசரின், செராமைடு உள்ள, வாசனை சேர்க்காத எதுவும் சரி. ரெட்டினாய்டு போடும் காலத்தில் ஸ்க்ரப், கிளைகாலிக் ஆசிட், கரகரப்பான ஃபேஸ்வாஷ், ஆல்கஹால் கலந்த டோனர் எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். வாக்ஸிங் செய்பவர்கள் க்ரீம் போடும் இடத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். மெழுகோடு சேர்ந்து தோலும் பிய்ந்து வரும்.

சன்ஸ்கிரீன் பற்றி மட்டும் கண்டிப்பாக இருப்பேன். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், தினமும் காலையில், தாராளமாக. ரெட்டினாய்டு போடும் தோலுக்கு வெயில் சீக்கிரம் சுடும் என்பது ஒரு காரணம். பரு விட்டுச்சென்ற கரும் தடங்களை வெயில் இன்னும் ஆழமாக்கும் என்பது இன்னொன்று. இரவில் க்ரீம் போட்டுக் கறையை மெல்ல வெளுக்கவிட்டு, பகலில் வெறும் முகத்தோடு வெயிலில் அலைந்தால் கணக்கு நேராகிவிடும். முதல் வாரங்களில் சில சன்ஸ்கிரீன்கள் கண்ணில் நீர் வரும் அளவுக்கு எரிந்தன. ஜிங்க் ஆக்சைடு அடிப்படையிலானது தாங்கியது. முகம் கொஞ்சம் வெளிறித் தெரியும், பரவாயில்லை.

இனி ட்ரெட்டினாயின் கதை. இந்தக் குடும்பத்தில் மூத்தது இதுதான். வைட்டமின் ஏ-யின் அமில வடிவம். 1969-ல் ஆல்பர்ட் கிளிக்மன், ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்ட் பிளேவிக் மூவரும் இதை முகப்பருவுக்குத் தடவிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். 1971-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அடாபலீன் ஆய்வகத்தில் உருவாக்கிய அடுத்த தலைமுறை. அதற்கு அங்கே 1996-ல் ஒப்புதல் வந்தது. 2016-ல் 0.1% ஜெல்லை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ட்ரெட்டினாயின் மூன்று வகை ரெட்டினாயிக் அமில ஏற்பிகளோடும் இணையும். அடாபலீன் பெரும்பாலும் பீட்டா, காமா என்ற இரண்டோடு. இதனாலும்தான் அடாபலீன் தோலுக்குச் சற்று சாது என்கிறார்கள்.

நான் மாறியதற்குக் காரணம் பேராசைதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பரு குறைந்துவிட்டது, கறையும் சொரசொரப்பும் இன்னும் வேகமாகப் போகாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். தோலின் வழவழப்பு கூடியது உண்மை. கூடவே உரிதலும் கூடியது. தாடையோரம் எப்போதும் மாவு பூசியது போல. பரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அடாபலீன் 0.1% ஜெல்லையும் ட்ரெட்டினாயின் 0.025% ஜெல்லையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் பருவைக் குறைப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட சமம், எரிச்சல் அடாபலீனில் குறைவு என்றே சொல்கின்றன. பருவுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு அடாபலீனுக்கே.

இன்னொரு நடைமுறை வசதியும் உண்டு. பழைய வகை ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டால் சிதையும், பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் கெட்டுப்போகும். அடாபலீனுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதனால்தான் அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% இரண்டையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்க முடிகிறது. சீழ்ப்பரு நிறைய இருந்த காலத்தில் எனக்கு அந்தக் கூட்டு ஜெல் நன்றாகக் கேட்டது. பாக்டீரியாவை ஒரு பக்கம் அடிக்கிறது, அடைப்பை இன்னொரு பக்கம் தடுக்கிறது. தலையணை உறை, துண்டு எல்லாம் ஆங்காங்கே வெளுத்துப் போகும். வெள்ளை உறைக்கு மாறிக்கொள்ளுங்கள். கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போடுவது மட்டும் வேண்டாம். பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. ஹைட்ரோகுவினோன் (கறுப்பை வெளுக்கவைக்கும் மருந்து), ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம்கள் உண்டு. மங்குவுக்கு, அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும், மருத்துவர் பார்வையில் போடுவதற்கானவை. 'ட்ரெட்டினாயின் இருக்கிறதே' என்று பருவுக்கு இதை வாங்கிப் போடுகிறார்கள். ஸ்டீராய்டு முதலில் சிவப்பை அமுக்கிவிடுவதால் அற்புதம் நடந்தது போலிருக்கும். போகப் போகத் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், ஸ்டீராய்டாலேயே புதுப் பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். '-சோன்', '-சோலோன்', '-சினோலோன்' என்று முடியும் பெயர் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எதை இது செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தில் எண்ணெய் வழிவது இதனால் பெரிதாகக் குறையாது. குழித் தழும்பு நிரம்பாது. புதுத் தழும்பு விழாமல் காக்கும், அவ்வளவுதான். தோலுக்கு அடியில் வலியோடு உருளும் பெரிய கட்டிகளுக்குக் க்ரீம் மட்டும் போதாது. அந்த நிலையில் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை என்று மருத்துவர் வேறு வழிக்குப் போவார். கரும் தடங்கள் மங்கும், ஆனால் பரு போன பிறகும் மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். என் கன்னத்தில் இருந்தவை ஓராண்டுக்கு மேல் இருந்தன.

'தோலை மெலிய வைத்துவிடும்' என்று பயமுறுத்துவோரும் உண்டு. மேலிருக்கும் இறந்த செல் படலம் இறுக்கமாகிறது, அதற்குக் கீழே உயிருள்ள மேல்தோல் நாளடைவில் தடிக்கவே செய்கிறது. மெலிவது ஸ்டீராய்டால்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தில் எதையும் போட வேண்டாம். இதே குடும்பத்து டாசரோட்டீன் அறவே கூடாது. மற்றவை தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவுதான் என்றாலும் அந்த மாதங்களில் தவிர்க்கவே சொல்கிறார்கள். அசலாயிக் அமிலம் போல மாற்று உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகிலும் மார்பிலும் பரு உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: டிரைஃபாரோட்டீன் என்ற இன்னொரு ரெட்டினாய்டின் 0.005% க்ரீம் முகத்தோடு உடம்புப் பருவுக்கும் சோதிக்கப்பட்டு 2019-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நான் போட்டதில்லை, அதனால் அனுபவம் சொல்ல வழியில்லை.

இப்போது முகம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. தாடையில் எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும், அதைக் கிள்ளாமல் விட்டால் போய்விடும். அடாபலீனை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டேன், அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒருமுறை 'இனி வேண்டாம், சரியாகிவிட்டது' என்று மருத்துவரைக் கேட்டு முழுதாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றிரண்டு மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் நெற்றியில் விரல் வைத்தால் பொரிப்பொரியாகத் தட்டுப்பட ஆரம்பித்தது. மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை உரிதலும் எரிச்சலும் அவ்வளவாக இல்லை.