தண்டையார்பேட்டையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ: ஒரு கணக்கு டீச்சர் போடும் மதிப்பெண்

முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை மகளுக்கு ஹைதராபாத்தில் நிச்சயதார்த்தம். காலை 10.40 விமானம். உள்நாட்டு விமானம்தானே, இரண்டு மணி நேரம் முன்னால் போனால் தாராளம் என்று கணக்குப் போட்டது நான்தான். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் எண் சம்பந்தப்பட்ட எதிலும் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. 7.30-க்கு டாக்சி ஏறினால் 8.40-க்கு ஏர்போர்ட். போனும் 1 மணி 10 நிமிடம் என்றுதான் காட்டியது. வருவதாகச் சொன்ன டாக்சி வரவில்லை. அடுத்தது வந்தபோது மணி 7.55. பாரிமுனையில் கொஞ்சம் நின்றோம். அண்ணா சாலையில் ஊர்ந்தோம். கிண்டிக்குப் பக்கத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது, அங்கே என்ஜினையே அணைத்துவிட்டார் டிரைவர். வாசல், வரிசை எல்லாம் தாண்டிப் பெட்டியோடு கவுன்டர் முன்னால் மூச்சு வாங்க நின்றபோது 9.43.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். அதாவது 9.40. மூன்று நிமிடம்!

போர்டிங் பாஸ் கையில்தான் இருந்தது, முந்தின நாளே வெப் செக்-இன் முடித்தாயிற்று. கைப்பை மட்டும் என்றால் நேராக செக்யூரிட்டிக்கு ஓடியிருக்கலாம். விமானத்தில் ஏறும் கேட் மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மாட்டிவிட்டது பெட்டி. உள்ளே இரண்டு பட்டுப்புடவை, மூன்று கிலோ மைசூர்பாகு. மறுபடி பணம் கட்டி மாலை விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்து, பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்தது. என் தங்கை அன்று முழுவதும் என்னிடம் சிரித்த முகத்தோடுதான் பேசினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! வீச்சு (அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்), திட்டவிலக்கம் என்று கரும்பலகையை நிறைத்திருக்கிறேன். ஆனால் சொந்த வேலை என்று வந்தபோது சராசரியை மட்டும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு சாலை வழியில் ஒரு மணி நேரத்திலும் போயிருக்கிறோம், ஒன்றே முக்கால் மணி நேரத்திலும் போயிருக்கிறோம். இடையில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் விமானத்தைத் தவறவிட வைக்கிறது. ‘இரண்டு மணி நேரம் முன்னால் போ’ என்று எல்லோரும் சொல்லும் கணக்கு ஏர்போர்ட் வாசலிலிருந்து ஆரம்பிக்கிறது. வீட்டு வாசலிலிருந்து ஏர்போர்ட் வாசல் வரைக்கும் யாரும் கணக்கு சொல்வதில்லை.

அதற்குப் பிறகுதான் மெட்ரோ. ஏர்போர்ட் ஸ்டேஷன் 2016 செப்டம்பரிலேயே திறந்துவிட்டார்கள், ஆனால் அப்போது சின்னமலையிலிருந்துதான் வண்டி. வண்ணாரப்பேட்டை வரைக்கும் 2019-இல் வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டினார்கள், அதில்தான் தண்டையார்பேட்டைக்கும் ஸ்டேஷன் கிடைத்தது. நீல வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் நடுவில் எங்கும் மாற வேண்டாம், கடைசி ஸ்டேஷன் ஏர்போர்ட். வடசென்னைக்காரர்களுக்கு இப்படி நேர்வழி அமைவது அபூர்வம். வழக்கமாக எதற்கும் சென்ட்ரல் போய் மாறுகிற ஜனங்கள் நாங்கள்.

பழைய டைரி ஒன்றில் ஒவ்வொரு பயணத்துக்கும் நேரம் எழுதி வைத்தேன். இதுவரை ஏழு முறை. தண்டையார்பேட்டையில் கதவு மூடியதிலிருந்து ஏர்போர்ட்டில் கதவு திறக்கும் வரை ஐம்பது நிமிடத்துக்கு ஒட்டியேதான் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. வீச்சு 4 நிமிடம். மழை பெய்த ஒரு திங்கட்கிழமை காலையும் இதில் அடக்கம். சைதாப்பேட்டை வரைக்கும் சுரங்கத்தில் போகும்போது மேலே மழையா வெயிலா என்றே தெரியாது. சின்னமலைக்கு வெளிச்சத்தில் ஏறி வந்த பிறகு, ஆலந்தூர் பக்கம் கத்திப்பாரா பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது கொஞ்சம் கெட்ட சந்தோஷம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

கட்டணம் அதிகபட்சமே 50 ரூபாய்தான். போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆக ஆளுக்கு 40. இரண்டு பேருக்கு 80 ரூபாய். டாக்சிக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 700, 800.

குறைகளும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் எதற்கு. பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் மெட்ரோவை மறந்துவிடுங்கள். லிஃப்ட் இருக்கிறது, நகரும் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போவது நீங்கள்தான். ஸ்டேஷன் வாசலில் பெட்டிகளை ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும். ஏர்போர்ட்டில் செய்யப்போவதற்கு இது ஒத்திகை. காலை 9 மணிவாக்கில் சென்ட்ரல், அரசினர் தோட்டத்தில் ஏறும் ஆபீஸ் கூட்டம் கிண்டியில் இறங்கும் வரைக்கும் உங்கள் பெட்டியை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் பெட்டியில் கொஞ்சம் தேவலை. ஆனால் இவர் அங்கே வர முடியாதே, பெட்டியை யார் தூக்குவது? ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கிய பிறகும் நடை இருக்கிறது. எனக்கு மூட்டு வலி. பிளாட்பாரத்திலிருந்து உள்நாட்டு டெர்மினல் வாசலுக்கு நான் 12 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். வயசுப் பிள்ளைகள் ஆறேழு நிமிடத்தில் போய்விடுவார்கள்.

டெர்மினல் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். உள்நாட்டு விமானங்கள் இப்போது டி1, டி4 என்று இரண்டு இடத்திலிருந்து போகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நல்ல நடை. காமராஜர் டெர்மினல், அண்ணா டெர்மினல் என்றே மனதில் வைத்திருக்கும் எங்கள் வயசுக்காரர்கள் டிக்கெட்டை எடுத்து அந்த எண்ணை ஒரு முறை கண்ணாடி போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவது பயணத்தில் நாங்கள் டி1 வாசலில் நின்று, “இது உங்க டெர்மினல் இல்லம்மா” என்று கேட்டுக்கொண்டோம். நல்லவேளையாகக் கையில் நேரம் இருந்தது.

உள்ளே போன பிறகு நேரத்தை மிச்சப்படுத்துவது டிஜி யாத்ரா. ஆதாரை இணைத்து, போனில் ஒரு செல்ஃபி எடுத்து, போர்டிங் பாஸை ஏற்றிவிட்டால் வாசலில் முகத்தைக் காட்டி உள்ளே போய்விடலாம், உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். பையன் வற்புறுத்தியதால் வைத்துக்கொண்டோம். இவர் செல்ஃபி எடுத்த அடுத்த மாதம் திருப்பதியில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். எங்கள் தெரு நாயே இவரைப் பார்த்துக் குரைத்தது. ஏர்போர்ட் மெஷின் ஒரு விநாடிகூட யோசிக்காமல் கதவைத் திறந்துவிட்டது.

செக்யூரிட்டியில் நேரம் போவது பெரும்பாலும் நம்மால்தான். லேப்டாப், பவர் பேங்க் எல்லாம் பையின் அடியில் இருக்கும், டிரே முன்னால் நின்றுகொண்டு தேடுவோம். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான். அப்புறம் கொப்பரை. எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் கொப்பரைக்குத் தடை. மாமியார் கொடுத்தனுப்பிய ஒரு கிலோ கொப்பரையை இவர் எனக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, எடுத்து, மறுபடி மூடி, ஜிப் மாட்டிக்கொண்டு, எல்லாம் சேர்த்து 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தை எந்த நேரக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

சரி, எத்தனை மணிக்குப் போகலாம்? பெட்டி போட வேண்டிய உள்நாட்டுப் பயணம் என்றால் டெர்மினல் வாசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் நிற்கிறேன். கைப்பை மட்டும் என்றால் ஒன்றேகால். பொங்கல், தீபாவளி, மே மாதம் என்றால் அரை மணி நேரம் கூடுதல். வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம், அதில் நான் பேரம் பேசுவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்ப இதனோடு ஒன்றேகால் மணி நேரம் கூட்டுகிறேன்: ஸ்டேஷனுக்கு ஆட்டோ, வண்டிக்குக் காத்திருப்பது, ஐம்பது நிமிடப் பயணம், என் மூட்டு வலி நடை எல்லாம் அதற்குள். டாக்சி என்றால் இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டியிருந்தது. மெட்ரோவின் லாபம் அந்த முக்கால் மணி நேரம்தான்.

ஆனால் எல்லா விமானத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் மெட்ரோ காலை 5 மணிக்கு, கடைசி வண்டி இரவு 11 மணிக்கு. காலை 6 மணி விமானத்துக்கு மெட்ரோ உதவாது. அதற்கு விடிகாலை 3 மணிக்கு டாக்சியே சரி. அந்த நேரத்தில் அண்ணா சாலையே காலியாக இருக்கும், சாலையின் வீச்சும் சுருங்கிவிடும். பெட்டி சின்னது, தாம்பரம் பக்கம் வீடு என்றால் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்பக்கம் ஏர்போர்ட். மதுரை, திருச்சி பக்கமிருந்து ரயிலில் எழும்பூர் வருபவர்கள் அங்கேயே பச்சை வழித்தடத்தில் ஏறி ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். பஸ்ஸில் கிளாம்பாக்கம் வருபவர்களுக்கு மெட்ரோ இன்னும் போய்ச் சேரவில்லை.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் வெளிநாட்டு விமானங்களுக்கு மெட்ரோ நன்றாகவே பொருந்துகிறது. பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். இரவு 1 மணி விமானத்துக்கு, வீட்டில் எட்டரைக்குச் சாப்பிட்டு எழுந்து கிளம்பினால் போதும். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரைவல் கார்டை இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. கவுன்டர் வரிசையில் நின்றுகொண்டு பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அடிக்கடி போய் வரும் பையன், 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த அந்த விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிவு செய்துவிட்டான். இந்திய பாஸ்போர்ட்காரர்களும் ஓசிஐ அட்டைக்காரர்களும் பதியலாம், இலவசம். அவன் தானியங்கிக் கதவில் போய்விடுகிறான். வருடத்துக்கு ஒரு தடவை போகும் எங்களுக்கு வரிசையே போதும்.

நான்கைந்து மணி நேரம் முன்னால் போய் உட்காருவதும் பத்திரம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு கவுன்டரே பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டிக்குக் காவல். உள்ளே போனாலும், சென்னையில் 2023 மார்ச்சிலிருந்து விமானம் கிளம்பும் அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. திரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு முறை சீக்கிரமே போனோம். நான் காபி வாங்கப் போய்த் திரும்பினால் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே திரையில் எங்கள் கேட் எண் மாறியிருக்கிறது. “ஏங்க, எழுந்திருங்க” என்று உலுக்கி, காபியை அப்படியே வைத்துவிட்டு நடந்தோம். நாலு மணி நேரம் முன்னால் வந்தும் கடைசி ஆளாகத்தான் ஏறினோம்.

மெட்ரோவுக்கு நான் போடும் மதிப்பெண் 100-க்கு 85. அதிகாலை விமானங்களுக்கு வண்டி இல்லாததற்காக 10 குறைத்தேன், நடைக்காக 5. திரும்பி வரும்போது ஏர்போர்ட்தான் தொடக்க ஸ்டேஷன் என்பதால் உட்கார இடம் நிச்சயம் என்பதற்கு போனஸ் கொடுக்கலாம்தான், ஆனால் நான் எந்தப் பிள்ளைக்கும் போனஸ் மார்க் போட்டவள் கிடையாது.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி சிங்கப்பூர். எட்டரைக்குக் கிளம்பலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். “ஆறு மணிக்கே கிளம்பிடலாமே டீச்சர்” என்கிறார் இவர். பேசி ஏழே முக்காலில் வந்து நிற்கிறது. இன்று செவ்வாய்தான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி ஹாலில் வைத்தாகிவிட்டது. கொப்பரை இருக்கிறதா என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை.