காசிமேட்டுச் சுவருக்கு ரூசோவா, பிரோஸ்மானியா?

காசிமேட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் எங்கள் அறையில் ஒரு படம் மாட்டத்தான் இடம் இருக்கிறது. முறையாக ஓவியம் படிக்காத இந்த இருவரில் யாரை மாட்டலாம்?

ஆன்றி ரூசோ பாரிஸில் சுங்க வரி வசூலித்தவர். 1897இல் அவர் வரைந்த ‘உறங்கும் நாடோடிப் பெண்’ணில் நிலா காய்கிறது. மணலில் படுத்திருப்பவள் பக்கத்தில் மேண்டலின், தண்ணீர் ஜாடி. ஒரு சிங்கம் அவளை முகர்ந்து பார்க்கிறது, கடிக்கவில்லை. அது ஆபத்தா, காவலா, அவள் காணும் கனவா? பிள்ளைகள் இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஜார்ஜியா நாட்டின் நிக்கோ பிரோஸ்மானி கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்து பிழைத்தவர். பல படங்களை எண்ணெய்ப் பூச்சுள்ள கறுப்பு ஆயில் துணியில்தான் வரைந்தார். இருட்டு வேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல் துணியை அப்படியே விட்டுவிடுவார். அவர் வரைந்த மீனவர் சிவப்புச் சட்டையும் தொப்பியுமாகத் தண்ணீரில் நிற்கிறார். ஒரு கையில் மீன், மறு கையில் வாளி. மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவர் தெரிந்த மனிதர்.

கற்பனையில் ரூசோ ஒரு படி மேல்தான். ஆனாலும் என் ஓட்டு பிரோஸ்மானிக்கே. கறுப்பு சார்ட் பேப்பரும் நாலு போஸ்டர் கலரும் இருந்தால் போதும், பிள்ளைகள் அன்றைக்கே அவர் பாணியில் வரைந்து பார்க்கலாம்.