விட்டு விட்டு வரும் புகை: பழைய டீசல் பிக்கப்பில் எந்தச் சோதனையை முதலில் செய்வது?

பழைய டீசல் பிக்கப்பின் சைலன்சரிலிருந்து கரும்புகை ஒரே சீராக வந்தால், ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃப்யூல் பம்ப் கோளாறு என எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணத்தைத் தேடலாம். ஐட்லிங்கில் புகை ஒரே தாளத்தில் குபுக் குபுக்கென்று வந்தால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர் மட்டும் டீசலைச் சரியாக எரிக்கவில்லை என்று பொருள். குளிரில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களில் அது தானாகவே நின்றுவிடுமானால், வேறெதையும் கழற்றுவதற்கு முன், குளிர்ந்த இன்ஜினில் எரியறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை மல்டிமீட்டரால் சோதித்துவிட வேண்டும்.

இன்ஜின் சூடான பிறகும் நீடிக்கும் புகைக்கு முதலில் கையாள வேண்டியது நட்டைத் தளர்த்தும் முறை என்பதே என் கருத்து. ஐட்லிங்கில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டீசல் தெறிக்காமல் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியவுடன், அதற்கு டீசல் போகாமல் இன்ஜின் தடுமாறும். தடுமாற்றம் ஏதுமின்றிப் புகை மட்டும் குறைந்தால், குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான். ஒரு ஸ்பேனரில் முடியும் வேலை என்றாலும், எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லுமே தவிர ஏன் என்பதை இது சொல்லாது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே 1,000 பாருக்கு மேலும் ஏறக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதற்கு மாற்றாக, ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குழாய்களில் பிடித்து அளவை ஒப்பிடலாம்.

அடுத்தது, சந்தேகத்துக்குரிய இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பது. பழுதும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர்தான் காரணம். இதில் ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு: பழைய செம்பு வாஷர், இன்ஜெக்டர் அமரும் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, கரி படிந்து, ஹெட்டின் ஒரு பகுதி போலவே தோன்றும். அதைக் கவனிக்காமல் அதன் மேல் புதிய வாஷரைப் போட்டால் இன்ஜெக்டரின் நுனியான நாசில் உயர்ந்து நின்று, சோதனையே புதிய புகைக்குக் காரணமாகிவிடும்.

பழுது இடம் மாறாவிட்டால் மட்டுமே, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனைப் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கான 300 பிஎஸ்ஐ கேஜ் இதற்குப் போதாது. கேஜ் காட்டும் அளவைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கும் பெட்ரோல் பழக்கத்தை இங்கே தவிர்க்க வேண்டும். டீசலின் எரியறை மிகச் சிறியது என்பதால், அந்த எண்ணெயே அளவைப் பொய்யாக உயர்த்திவிடும்.

கம்ப்ரஷன் கேஜைவிட, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைத் தேடும் லீக்டவுன் சோதனையையே நான் பெரிதும் நம்புகிறேன், ஏனெனில் அது காரணத்தைக் காதுக்கே கொண்டுவருகிறது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கிராங்க் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு காற்றைச் செலுத்தினால், சைலன்சரில் சீறல் கேட்பது எக்ஸாஸ்ட் வால்வின் கசிவையும், காற்று உள்ளே வரும் வழியில் கேட்பது இன்டேக் வால்வின் கசிவையும் காட்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய சீறல் எந்த இன்ஜினிலும் இருக்கும். மற்ற சிலிண்டர்களைவிடத் தெளிவாக மிகுந்தால்தான் ரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ரேடியேட்டரில் குமிழி தொடர்ந்து வருமானால், ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.