மரச்சட்டமா, அலுமினியக் கூடா? பழைய டிரெய்லர் வாங்கும்முன்

போன வசந்தத்தில் மிச்சிகனில் பழைய டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, தேடினேன். கையிலிருந்த பணத்துக்கு இரண்டு அமைந்தன. ஒன்று மரச்சட்டத்தின் மேல் மெல்லிய தகடு போர்த்தியது. மற்றது முழுக்க ரிவெட் என்ற இணைப்பு ஆணிகள் அடித்த அலுமினியக் கூடு. கூட்டைத்தான் வாங்கினேன். அந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது 1930களின் வரலாறு.

கூடாரத்தை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' சங்கம் தொடங்கிய காலத்தில் கார் பயணிகள் பலருக்கும் கூடாரம்தான் வீடு. நனைந்த கித்தானை ஒருமுறை சுருட்டிப் பார்த்தவருக்கு அதன் கதை தெரியும்.

டெட்ராய்ட்டின் ஆர்தர் ஷெர்மனுக்கும் தெரிந்தது. பாக்டீரியா ஆய்வாளரான அவர் மடக்குக் கூடாரம் வைத்த டிரெய்லரோடு குடும்பத்தைக் கூட்டிப் போனார். அதை விரித்து முடிப்பதற்குள் மழையில் எல்லோரும் தெப்பமானார்கள். அடுத்து மேசனைட் என்ற அழுத்திய மரச்சிம்புப் பலகையால் ஒரு பெட்டி வீடு செய்தார். 'கவர்டு வேகன்' என்ற பெயரில் 1930 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை வைத்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே அதிக டிரெய்லர் செய்தது அவர் கம்பெனிதான்.

ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் கம்பெனியைத் தொடங்கிய வாலி பையமும் முதலில் மரத்தையும் மேசனைட்டையும்தான் நம்பினார். 1936-ல் அவருடைய ஏர்ஸ்ட்ரீம் 'கிளிப்பர்' அலுமினியத்தில் வந்தது, விலை 1,200 டாலர். அதற்கு மூலம் கிளைடர் விமானம் கட்டிய ஹாலி போலஸின் 1934 வடிவம். போலஸ் வாசலை முன்பக்கம், காரோடு இணைக்கும் கொக்கிக்கு மேலேயே வைத்திருந்தார். பையம் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்.

எடை, தோற்றம் பற்றியெல்லாம் நிறையப் பேசலாம். எனக்குத் தீர்ப்புச் சொன்னது தண்ணீர். மரச்சட்ட டிரெய்லரில் ஜன்னல் ஓரத்திலோ கூரை விளிம்பிலோ இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை விட்டுப்போனால் நீர் உள்ளே இறங்கிச் சட்டத்தில் ஊறும். வெளித்தகடு பளபளவென்றே இருக்கும், உள்ளே சட்டம் இற்றுக்கொண்டிருக்கும். பாரம் தாங்குவது அந்தச் சட்டம்தான் என்பதால் மொத்த வண்டியும் தளர்ந்துவிடும். மேசனைட்டும் மரச்சிம்புகளை நீராவியால் பிரித்து அழுத்திய பலகைதானே, விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பிப்போகும். அலுமினியக் கூட்டில், விமான உடலைப் போல, தகட்டுத் தோலும் உள்ளிருக்கும் விலாச்சட்டமும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. அதுவும் ஒழுகும், ஆனால் ஒழுகிய நீர் சுவரை உளுக்கச் செய்யாது.

மரத்தின் பக்கமும் ஒரு பெரிய நியாயம் உண்டு. ரம்பமும் பொறுமையும் இருந்தால் இற்ற சட்டத்தை வீட்டிலேயே மாற்றிவிடலாம். அலுமினியத் தகட்டை முறையாக மாற்ற இரண்டு பேர் வேண்டும்: வெளியே ஒருவர் ரிவெட் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க. கையால் வேலை செய்வதே சந்தோஷம் என்பவர் மரத்தை வாங்குவதில் தவறே இல்லை.

நான் இதுவரை ஒரு குளிர்காலத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் சுவரைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். தரை வேறு கதை. அலுமினிய வண்டியிலும் தரை பிளைவுட்தான், என் வண்டியில் பின்மூலை மெத்தென்று இருந்தது. இரண்டு வாரம் அதற்கே போனது. பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில், பின்மூலைகளில் தரையைக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.