பழைய லேப்டாப்: கரங்குனியா, தொட்டியா, ஊருக்கா?

சிங்கப்பூரில் பழைய லேப்டாப்பை என்ன செய்வது? வீட்டுக்கே வந்து பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரரிடம் கொடுக்கலாம், மின்கழிவுத் தொட்டியில் போடலாம், ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம். எந்த வழி என்று யோசிக்கும் முன், லேப்டாப் ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஆன் ஆனால் அது பொருள், ஆகாவிட்டால் கழிவு. இரண்டுக்கும் உலக வர்த்தகத்தில் வேறு வேறு விதி. கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் புதிய விதிப்படி, 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்கழிவை எல்லை தாண்டி அனுப்பவும் வாங்கும் நாடு முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.

கரங்குனிக்காரர் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குக்கே வருவார், சில வெள்ளி (டாலர்) கையில் தருவார். மின்கழிவுத் தொட்டியில் போடக்கூடாத ரைஸ் குக்கர், கெட்டிலையும் எடுத்துக்கொள்வார். பழுதுபார்க்கக் கூடியதைப் பிரித்து விற்கும் அவர் தொழிலை நான் மதிக்கிறேன். ஆனால் பல கை மாறியபின் அது எந்த ஊரில் உடைக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாது. தாமிரத்துக்காக ஒயரைத் திறந்தவெளியில் எரித்தால், அந்தப் புகையைச் சுவாசிப்பவர் வேறொருவர்.

தொட்டியில் போட்டால் அந்தக் கவலை குறைவு. 2021 ஜூலை 1 முதல், இங்கே மின்சாதனங்களைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்கும் நிறுவனங்கள்தான் அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் செலவை ஏற்க வேண்டும். இது நல்ல சட்டம். சமூக மன்றங்களிலும் பெரிய மின்சாதனக் கடைகளிலும் தொட்டி இருக்கிறது. 2022இல் உலகம் உருவாக்கிய 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாக மறுசுழற்சியானது 22.3 விழுக்காடுதான் என்பதை நினைத்தால், நாலு படி இறங்கிப் போவது பெரிய சிரமமில்லை.

இருந்தாலும் ஓடுகிற லேப்டாப்பைத் தொட்டியில் போட எனக்கு மனம் வராது. அரைத்து உருக்கினால் தாமிரமும் தங்கமும் கொஞ்சம் மீளும், லேப்டாப்பைச் செய்யச் செலவான உழைப்பும் மின்சாரமும் மீளாது. எங்கள் வீட்டு லேப்டாப் ஆன் ஆக பத்து நிமிடம் எடுத்தது. பேட்டரியை மாற்றி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டோம். அப்புறம் தீபாவளிக்குப் போனபோது தஞ்சாவூரில் படிக்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குச் சுங்கவரியின்றிக் கொண்டுபோகலாம். மூன்று வருடமாக அதில்தான் படிக்கிறாள்.

ஓடாததை மட்டும் ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கே பழுதுபார்க்க முடியாமல் போனால், நம் குப்பையைச் சொந்தக்காரர் தலையில் கட்டியதாகிவிடும்.

எங்களிடமிருந்த இன்னொரு லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.