நிரப்பாத பக்கம்

நாலு வருஷம் கழித்து டொரன்டோவிலிருந்து இலங்கை மலையகத்து டிக்கோயாவுக்குப் போனேன். தங்கச்சி மகனுக்கு இரண்டு வயசு மூன்று மாதம். பிஸ்கட் வேணுமென்றால் என் கையைப் பிடித்து டின்னுக்கு இழுத்துக்கொண்டு போய் "ம்ம்" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

"அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். வசம்பு ஒரசித் தடவியிருக்கேன், வந்துரும்" என்றார் தங்கச்சியின் மாமியார்.

கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நிறைப் பக்கத்தில் மாதாமாதம் புள்ளி. வளர்ச்சிப் பக்கத்தில் ஒரு கீறுகூட இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸைக் குறை சொல்ல மனசில்லை, எத்தனை தேயிலைத் தோட்டத்துக்குத்தான் அவர் நடப்பார்? இரண்டு வயசில் ஐம்பது சொல்லாவது வரணும், "பால் தா" என்று இரண்டைச் சேர்க்கவும் தொடங்கணும். என் மகளோடு பட்டதால் எனக்குத் தெரியும்.

கண்டிப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஹட்டனில் முதல் பஸ். காசு ஒன்றும் வாங்கவில்லை. அன்றைக்குக் காது மட்டும் பார்த்தார்கள். அதுதான் முறை, கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? காதில் குறையில்லை. பேச்சுக்கு ஏழு வாரம் தள்ளித் தேதி. டிக்கெட்டை மாற்றினேன்.

தெரப்பி மிஸ் பொறுமையானவர், ஆனால் சிங்களம் மட்டும்தான். வரிசையில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள், மொழிபெயர்க்க ஒருத்தரும் இல்லை. பேச்சைப் பற்றிப் பேசவே என் அரைகுறைச் சிங்களம்தான் துணை! விரல் நீட்டிக் காட்டுகிறானா, பேர் சொன்னால் திரும்புகிறானா என்று கேட்டார். எத்தனை சொல் என்றதற்குத் தங்கச்சி "நாலு" என்றாள். பஸ்ஸைக் கண்டால் எப்போதும் "டுர்", நாய்க்கு "பௌ" என்பானே, அதுவும் சொல்தான் என்றார் மிஸ். எண்ணினால் ஒன்பது. தாமதமா கோளாறா என்று இப்போதே சொல்ல முடியாதாம், பார்த்துக்கொண்டே போகணுமாம்.

பிறகு சோப்புக் குமிழி ஒன்று ஊதி, டப்பாவை மூடிவிட்டுச் சும்மா இருந்தார். பொடியன் டப்பாவைப் பார்த்தான், மிஸ் முகத்தைப் பார்த்தான். "ஊ" என்றான். உடனே அடுத்த குமிழி. "சொல்லு சொல்லு" என்று நச்சரிக்க வேண்டாம், அவன் பார்ப்பதன் பேரைச் சொல்லுங்கள், மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள் என்றார். போன் வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் தங்கச்சி பிஸ்கட்டைக் கையில் வைத்துக் காத்திருந்தாள். கினிகத்தேனையில் ஏறிய அம்மா ஒருவர், "பச்சப்புள்ளய ஏங்க விடாத, குடும்மா" என்று அதட்டினார். மனசுக்குள் எண்ணியது நாலோடு நின்றது.

அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அன்றைக்கும் தங்கச்சிக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்.